சீமெண்ணெய்த் தகரத்தில் வைத்த செடிகள்

நான் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊற்றினால்தான் வேர் நிதானமாகக் குடிக்கும் என்று பக்கத்து வீட்டு மருமகள் எனக்கே பாடம் நடத்துகிறாள். நடத்தட்டும். அவள் பிறப்பதற்கு முன்பிருந்து நான் தகரத்திலும் சட்டியிலும் செடி வைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் என் கை சொம்பைத் தொடாது. அது செடியைப் பற்றிய ஞானம் ஒன்றும் இல்லை. பழைய பயம். அந்தப் பயத்தின் கதையை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. எழுதினால் பயம் போகுமா என்றால், போகாது. போகவும் வேண்டாம்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் மல்லசமுத்திரத்திலிருந்து ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிறந்த வீடும் தறிக்கார வீடு, புகுந்த வீடும் தறிக்கார வீடு. அதனால் புதிதாகக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை, வாயை அடக்குவதைத் தவிர. "போற எடத்துல வாயைக் கட்டு சாமி" என்றுதான் என் அம்மா வண்டியேற்றிவிட்டாள். கட்டினேன். முதல் வாரம் முழுவதும் கட்டினேன்.

எங்கள் வீட்டுக்கு மெத்தை, அதாவது மாடி, உண்டு. தெருவிலேயே இரண்டு வீட்டுக்குத்தான் மெத்தை. வியாபாரம் நன்றாக இருந்த காலத்தில் நூல் சிப்பம் அடுக்குவதற்காக மாமனார் ஓர் அறை எழுப்பி, அதன் முன்பக்கம் தெருவின்மேல் மூன்றடிக்குப் பலகை நீட்டி, மரக்கிராதியும் வைத்திருந்தார். இந்தக் காலத்தில் பால்கனி என்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் 'பலகை'. பலகையில் நின்றால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே போதமலை தெரியும். மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். நூல் சிப்பமும் போய்விட்டது. நான் வந்தபோது அந்த அறையில் ஓட்டைச் சாயத் தாழி ஒன்றும், உடைந்த ராட்டை ஒன்றும், காலிச் சீமெண்ணெய்த் தகரங்கள் சிலவும்தான் இருந்தன.

பலகைக்குக் கீழே தெருவில் நடப்பதைச் சொல்லாமல் மேலே நடந்ததைச் சொல்ல முடியாது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். கிழக்கு வெளுக்கும்போதே மூங்கில் கால்களை நட்டு நீட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒரே வெள்ளையாக, இடுப்பு உயரத்தில் வீடு வீடாகத் தாண்டிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கஞ்சி தெளித்து, பெரிய பிரஷால் சீவிச் சீவி ஆற்றுவார்கள். வெயில் சுருக்கென்று ஏறுவதற்குள் காய்ந்த பாவைச் சுருட்டிவிட வேண்டும். அதுவரைக்கும் தெரு பாவினுடையது. யாரும் வாசல் தெளிக்க மாட்டார்கள். குழந்தை ஓடக் கூடாது. மாடு வரக் கூடாது. மெத்தை வீட்டுக்காரர்கள் மேலேயிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. கஞ்சி ஏறிய நூலில் தண்ணீர் விழுந்தால் அந்த இடத்தில் கஞ்சி விட்டுப்போகும். தறியில் ஏற்றினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்தே நெய்கிறவனின் நாள் போய்விடும். இது எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிற சட்டம்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. தறிக்குழியில் காலைப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருமல் சொந்தக்காரன் மாதிரி, வருவான், போவான். இது போகவில்லை. சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சயரோகம் என்றார். குழியில் உட்காரவே கூடாது, நல்ல காற்று வேண்டும், பால் வேண்டும், முட்டை வேண்டும், எச்சிலைச் சுண்ணாம்பு போட்ட சட்டியில் துப்பி மண்ணில் புதைக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் நல்ல காற்று இருந்த ஒரே இடம் மெத்தைதான். சாயத் தாழிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டேன். கீழே தறி நின்றது. நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ராட்டையில் தார், அதாவது ஊடை நூல், சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குத் தெரிந்ததும் நாட்டாண்மைக்காரர் வந்தார். எங்கள் தெருவில் வழக்கு வம்பு எது வந்தாலும் முடிவு சொல்லுகிறவர் அவர். கெட்டவர் இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னார்.

"மேலயே இருக்கட்டும் சாமி. ஆரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா மேலயிருந்து எச்சியோ சளியோ கீழே வரப்படாது. பாவு மேல ஒரு பொட்டு உழுந்துச்சுன்னா அன்னைக்கே கொட்டாய்தான். நானே நெனச்சாலும் தடுக்க முடியாது."

கொட்டாய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் கீழத்தெருவில் ஒருவருக்கு இதே நோய் வந்தபோது, ஏரிக்கரையில் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். சோற்றை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பார்கள். ஒரு நாள் வைத்த சோறு மறுநாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள்தான் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அந்தக் கல்லை நான் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கப் போகிற வழியில்தான் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் வேகமாக நடப்பேன்.

செடி விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு இலையில் தொடங்கியது. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது அங்கே வேலியோரத்தில் இருந்த ரணகள்ளியில் இரண்டு இலை பறித்து, புண்ணுக்கு ஆகுமே என்று துணி மூட்டைக்குள் போட்டேன். போட்டதை மறந்துபோனேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மூட்டையை உதறினால் இலை வாடவே இல்லை. ஓரமெல்லாம் பல் பல்லாகக் குட்டிச் செடிகள், வெள்ளை வேரோடு. 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று அதற்கு ஊரில் இன்னொரு பேர் உண்டு. கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணுமில்ல, தண்ணியுமில்ல. இதுக்கு எங்கிருந்து இத்தன துணிச்சல்?" என்றார்.

"எங்கூட்டுச் செடிங்க, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அது சரி. வாய் மட்டுந்தான் இன்னும் மொளைக்கல."

அவர் அப்படித்தான் பேசுவார். எனக்குப் பத்து வார்த்தை என்றால் அவருக்கு ஒன்று. அந்த ஒன்று பத்தையும் அடைத்துவிடும்.

அதுவரை செடி கொடி என்றால் அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு நேரம் ஏது? இப்போது நேரம்தான் இருந்தது. தகரத்தின் மேல்பக்கத்தை வெட்டியெடுத்து, ஆணியால் அடியில் ஓட்டை போட்டார். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். நான் ஏரிக்கு அக்கரையிலிருந்து செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கூடையில் சுமந்து வந்தேன். ரணகள்ளிக்கு ஒரு தகரம். சோற்றுக் கற்றாழைக்கு இரண்டு. சாமந்திக்கு இரண்டு. சேலத்து டாக்டர் வீட்டு வாசலில் பத்துமணிப் பூ பாய் விரித்த மாதிரி கிடந்தது. சதைப்பற்றான சின்ன இலை, கருஞ்சிவப்பில் பூ. மருந்து வாங்கப் போன அன்று யாரும் பார்க்காதபோது ஒரு கொத்துக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். திருடி வைத்த செடிதான் பிழைக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். காசு கொடுத்து வாங்கிய ரோஜாக் குச்சி செத்துப்போனது.

தப்பும் நிறையச் செய்தோம். சாயத் தாழியைச் சும்மா விடுவானேன் என்று அதில் கனகாம்பரம் வைத்தேன். எத்தனை வருஷத்துச் சாயமும் காரமும் அந்த மண்பானைக்குள் ஊறியிருந்ததோ, நாலே நாளில் செடி கொதிக்கிற தண்ணீர் ஊற்றியது போலக் கருகியது. இன்னொரு தடவை பாவுக்குக் காய்ச்சி மீந்த கஞ்சியைக் கற்றாழைக்கு ஊற்றினேன். நூலுக்கு உரம் கொடுப்பது செடிக்கும் கொடுக்காதா என்று நினைப்பு. எறும்புதான் வந்தது. தெருவில் இருந்த எறும்பெல்லாம் வந்தது. அவர் சிரித்துச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் பயந்துபோய் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தகரங்களைக் கிராதியோரம் வரிசையாக வைத்தோம். அதில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு கணக்கு இருந்தது. கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் அவர் முகம் தெரியக் கூடாது. நோயாளியைப் பார்க்கிற பார்வை அவர்மேல் விழக் கூடாது. கற்றாழை மடல்களுக்கும் சாமந்தித் தழைக்கும் பின்னால் உட்கார்ந்து அவர் தெருவைப் பார்க்கலாம், தெரு அவரைப் பார்க்க முடியாது. விடியற்காலையில் பாவு நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "அந்தப் பக்கம் இழுப்பு பத்தல" என்று தனக்குத்தானே முனகுவார்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் வாசலில் நின்று சத்தமாகச் சொல்வார். "ஊட்டு மேல கள்ளி வெக்கறவளை இங்கதாஞ் சாமி பாக்கறேன்!" என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தெருவில் வாய்க்கு அவர்தான் பெரிய கை. நான் வந்த பிறகு அந்தப் பட்டத்துக்குப் போட்டி வந்துவிட்டது. எங்களுக்குள் ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை வரும், ஒரு கோழிக்குச் சண்டை வரும், ஒன்றுமே இல்லாவிட்டால் நேற்றைய சண்டை இருக்கும். அவர் வீட்டுப் பாவு நீளும்போது சரியாக எங்கள் பலகைக்குக் கீழேதான் வரும்.

அந்தப் புரட்டாசியில் அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் குதிர்ந்திருந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு வேட்டி தங்கள் தறியிலேயே நெய்ய வேண்டும் என்று பொறுக்கியெடுத்த நூலில் பாவு ஓட்டியிருந்தார்கள். அதை நீட்டிய காலை அது.

முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நான் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டு இருந்ததில் செடிகளை மறந்துவிட்டேன். விடிந்ததும் அவர் சாமந்தித் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷத்து முதல் மொட்டுகள், பட்டாணி அளவில், காம்போடு தொங்கிப்போயிருந்தன. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். கீழே பாவு நீட்டியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், பிரஷ் ஓடுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அரைச் சொம்புதானே, வேருக்கே போதாது, எங்கே வழியப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஊற்றினேன். காய்ந்த மண் தண்ணீரைப் பிடிக்காது என்பதை அன்றுதான் கற்றேன். ஊற்றியது அப்படியே ஓரமாக இறங்கி, ஓட்டை வழியாக, பலகை இடுக்கு வழியாகப் போய்விட்டது.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆருடி மேல தண்ணி ஊத்துனது?"

சொம்பு என் கையில்தான் இருந்தது. 'நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன்' என்று அப்போதே சொல்லியிருந்தால் ஒரு வண்டித் திட்டோடு போயிருக்கும். ஆனால் அக்காவிடமா நான் தணிந்து போவேன்? முந்தாநாள்தான் கோழி விஷயத்தில் அவர் வாயை அடைத்திருந்தேன். சொம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிராதிக்கு வந்தேன்.

"இங்க ஆரும் ஒண்ணும் ஊத்தலீங்க. காக்கா ஏதாச்சும் எச்சம் போட்டிருக்கும், மேல பாத்துப் பேசுங்க!"

பதிலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிரஷ் ஓடுகிற சத்தமும் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். பாவின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை நூலின்மேல் நாலைந்து பொட்டுகள். சிவப்பு. செம்மண்ணும் தகரத் துருவும் சேர்ந்த சிவப்பு. அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேலே ஒரு சயரோகி இருக்கிறான். தண்ணீர் யாரும் ஊற்றவில்லை என்று அவன் பெண்டாட்டியே சொல்கிறாள். அப்படியானால் மேலேயிருந்து விழுந்த சிவப்பு வேறு என்னவாக இருக்கும்?

ஒருவரும் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொடப் பயம். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "எம் மருமவன் வேட்டி... எம் மருமவன் வேட்டி..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சண்டைக் குரல் இல்லை அது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

நாட்டாண்மைக்காரர் வந்து பார்த்தார். மேலே நிமிர்ந்து என்னைக் கேட்கவில்லை. "தம்பி, கொஞ்சம் முன்னால வா சாமி" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கற்றாழைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கிராதிக்கு வந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தெருவுக்கு முகம் காட்டினார்.

"நாந்தானுங்க. இருமல் வந்துருச்சு. சட்டிய எடுக்கறதுக்குள்ள மிஞ்சிப்போச்சு."

"அப்பறம் பேச்சில்ல தம்பி. பொழுது சாயறதுக்குள்ள கொட்டாய்க்கு ஏற்பாடு பண்றேன்" என்றார் நாட்டாண்மைக்காரர். சொல்லும்போது அவர் தலை குனிந்துதான் இருந்தது.

இவர் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே கேட்காதபடி, "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? என்னத்துக்கு?" என்றேன்.

"நீ ஒருக்கா இல்லேன்னுட்ட. ஊரு பூராக் கேட்டுருச்சு. இப்ப ஆமான்னா பொய்க்காரின்னு ஆயிரும். பாவைக் கெடுத்த பொம்பளைக்கு ஆரு தார் சுத்தக் குடுப்பாங்க? நான் போனதுக்கப்பறமும் நீ இந்தத் தெருவுலதான இருக்கோணும்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. 'நான் போனதுக்கப்பறம்' என்று அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! உட்கார்ந்த இடத்திலிருந்தே என் எதிர்காலத்துக்கு இழை பிணைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அந்தக் கல்லின்மேல் வைக்கிற சோற்றை விலையாகக் கொடுக்கிறார். கொடியில் கிடந்த அவருடைய வெளுத்த வேட்டியை உருவினேன். தடதடவென்று படியிறங்கித் தெருவுக்குப் போனேன்.

பாவுக்கு இந்தப் பக்கம், பலகைக்கு நேர் கீழே, அந்த வேட்டியை மண்ணில் விரித்தேன். "ஆரும் நகராதீங்க. பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஓடி, சொம்பில் தண்ணீர் மொண்டு எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, சாமந்தித் தகரத்தில் கவிழ்த்தேன். சொட்டுச் சொட்டாக வேட்டியின்மேல் சிவப்பு விழுந்தது. இறங்கிவந்து வேட்டியை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ந்ததும் விரலால் தேய்த்தேன். பொட்டு மண்ணாக உதிர்ந்தது, இலேசான கறைதான் மிச்சம். பாவின்மேல் இருந்த பொட்டுகளையும் அப்படியே தேய்த்துக் காட்டினேன்.

"ரத்தமுன்னா இப்படி உதுராதுங்க. நாந்தான் ஊத்துனேன். நாந்தான் பொய் சொன்னேன். அவரு என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்லிட்டாரு" என்றேன். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அது எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா என்னருகே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தெருவே கேட்கத் திட்டினார். என் வாயை, என் ஊரை, என்னைப் பெற்றவளை, என் கள்ளிச் செடிகளை, ஒன்றையும் விடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டி முடித்துவிட்டு, நாட்டாண்மைக்காரர் பக்கம் திரும்பி, "கொட்டாயெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. மண்ணுதான" என்றார்.

எனக்குத் தண்டனை உண்டு. ஐப்பசி முடியும்வரை தெருவில் நீட்டுகிற எல்லாப் பாவுக்கும் நான்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும். கோழி கூவுவதற்கு முன் எழுந்து பெரிய அண்டாவில் துழாவித் துழாவிக் கை காய்த்துப்போனது. அக்காதான் வந்து பதம் பார்ப்பார். விரலில் தொட்டு, பெருவிரலோடு ஒட்டிப் பிரித்து, "கட்டி" என்பார், "தண்ணி" என்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பாவில் நெய்த வேட்டியைத்தான் மாப்பிள்ளை கட்டியிருந்தார். எங்கள் மெத்தைச் சாமந்தியிலிருந்து நான் ஒரு பந்து தொடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டார். சண்டை மட்டும் நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்குத்தான் கவலையாக இருந்திருக்கும்.

மார்கழி போய், தை போய், மாசி வந்தது. சாமந்தி ஓய்ந்துவிட்டது. கற்றாழை மட்டும் நடுவிலிருந்து ஒரு தண்டை நீட்டிப் பூக்கத் தயாராக இருந்தது. அதை என் வீட்டுக்காரர் தினமும் விரலால் அளந்து பார்ப்பார். விரல்கள் குச்சியாகிவிட்டிருந்தன. நான் தண்ணீர் ஊற்றுவதையே குறைத்துவிட்டேன். சாயங்காலம் அவரைத் துடைத்து, பால் கொடுத்து, படுக்க வைப்பதற்குள் இருட்டிவிடும். கற்றாழைக்கும் கள்ளிக்கும் என்ன, கேட்கவா போகின்றன என்று விட்டுவிடுவேன்.

ஒரு காலை, பாவு நீட்டியிருந்த நேரம். அவர் கிராதியோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழேயிருந்து வெந்நீர் கொண்டுவந்துகொண்டிருந்தேன். படியில் இருக்கும்போதே இருமல் சத்தம் கேட்டது. இந்த இருமல் வேறு என்று அதன் சத்தத்திலேயே தெரிந்தது. வெந்நீரைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டி எட்டவில்லை. அவர் வாயைப் பொத்தியிருந்தார், விரல் இடுக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டு தகரங்களுக்கு நடுவே பலகையில், பலகையிலிருந்து கீழே.

கீழே ஒரு ஆண்குரல். "அட, மறுக்காவும் செவப்பா உழுந்திருக்குது பாரு!"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொட்டாய் இருந்தது. கல் இருந்தது. நான் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, கிராதிக்கு மேலே தலையை நீட்டினேன்.

"நாந்தானுங்க! செடிக்குத் தண்ணி ஊத்திப்போட்டேன். புத்தி கெட்டுப்போச்சுங்க!"

முதல் தடவை தண்ணீரை மறைக்கப் பொய் சொன்னேன். இந்தத் தடவை இல்லாத தண்ணீருக்குப் பொய் சொன்னேன். இது என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் எனக்கே இன்னும் ஆச்சரியம்தான்.

கீழே அக்கா பாவின்மேல் குனிவது தெரிந்தது. அவர் வீட்டுப் பாவுதான். விரலால் ஒரு பொட்டைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார். பிறகு, "இரு, நான் போயி அவளை நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவர் எங்கள் மெத்தைக்கு ஏறியதில்லை. அன்று ஏறி வந்தார். மேல்படியில் நின்றார். கட்டிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என் முந்தானையைப் பார்த்தார். அக்கா நேராகப் போய்ச் சாமந்தி இருந்த தகரத்துக்குள் கையை விட்டார். மண்ணைக் கிள்ளி எடுத்து விரலில் உருட்டினார். தூளாக உதிர்ந்தது. நாலைந்து நாளாகத் தண்ணீர் காணாத மண். அடுத்த தகரம். அதுவும் அப்படித்தான்.

என் உயிர் அப்போது அவர் விரல் நுனியில் இருந்தது.

என் பக்கம் திரும்பி, மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் சத்தம் வைத்துச் சொன்னார்.

"இப்படியா காயப்போட்டு வெப்ப? ஆராச்சும் மேல வந்து பாத்தா என்ன ஆவறது? ஊத்து சாமி, சீக்கிரம் ஊத்து. எல்லாத்துக்கும் ஊத்து."

"கீழ உங்க பாவுங்க அக்கா..." என்றேன்.

"எம்பட பாவுதான? எனக்குத் தெரியாதா? ஊத்து."

அவர் மடமடவென்று இறங்கிப் போனார். நான் குடத்தையே தூக்கி முதல் தகரத்தில் கவிழ்த்தேன். காய்ந்த மண் ஒரு சொட்டையும் பிடிக்கவில்லை. பலகை இடுக்கு வழியாகச் சிவப்புத் தண்ணீர் அக்காவின் வெள்ளைப் பாவின்மேல், அந்தப் பொட்டுகளின்மேல், ஒழுகத் தொடங்கியது. தெருவில் அவர் குரல் எழும்பியது. என் வாயை, என் ஊரை, என்னைப் பெற்றவளை, கள்ளிச் செடிகளை, வரிசை மாறாமல் திட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து வந்த சித்திரையில் அந்தக் கட்டிலிலேயே, கற்றாழைப் பூவுக்குப் பக்கத்தில்தான் போனார். அந்த மாசிக் காலையில் நான் ஒவ்வொரு தகரமாக, அக்கா திட்டி முடிக்கிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.